தோலின் காவலும் தோலின் நோயும்

சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் பெற்றார் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தம் மகனோடு ஒரே வாங்கில் இருக்கும் மாணவனின் கைகளிலும் கழுத்தோரத்திலும் செதில் உதிரும் சிறுசிறு படைகள் தோன்றியிருப்பதாகவும், அவை தம் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என அஞ்சுவதாகவும் கூறி, அவனை வேறாக இருத்துமாறு கேட்டார். சொல்ல வெட்கமாயிருக்கின்றது, ஆராய்ந்து பாராது நானும் அவ்வாறே செய்தேன். மூன்று நாள் அவன் பின்சுவரோரம் தனியே இருந்தான். நான்காம் நாள் அவன் தாயார் வைத்தியசாலைத் துண்டொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தார். “இது தொத்துற வருத்தம் இல்லை, சேர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. துண்டிலே சொரியாசிஸ் என எழுதியிருந்தது.

யான் கலைப் பட்டதாரி. உடற்றொழிலியல் கற்றவன் அல்லேன். ஆயினும் அன்று தொட்டு வைத்திய நண்பர் ஒருவரின் துணையோடு படித்தறிந்தவற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

தோலை நாம் உடலைச் சூழ்ந்த மதில் என்று எண்ணுகின்றோம். மதில்தான், ஆனால் அம்மதிலுக்குள்ளேயே காவற்படையொன்று குடியிருக்கின்றது. அப்படையின் ஒரு பிரிவை முதலிற் கண்டவர் பவுல் லங்கர்ஹான்ஸ் என்னும் ஜேர்மானியர். பேர்லினில் மருத்துவ மாணவராயிருந்த அவ்விளைஞர், 1868 ஆம் ஆண்டில், தோற்றுண்டு ஒன்றைப் பொன் குளோரைட்டினாற் சாயமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, மேற்றோலிலே கிளைவிட்ட கலங்களைக் கண்டார். அவற்றை நரம்புக்குரியவை எனக் கருதினார். அடுத்த ஆண்டிற் கணையத்தில் அவர் கண்ட கலத்திட்டுகளும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நீரிழிவைப் பற்றிப் படிப்போர் அவற்றை அறிவர்.

தோற்கலங்களின் உண்மைத் தொழிலோ நூறாண்டு கழிந்து, 1970களிலேதான் விளங்கலாயிற்று. அவை எல்லைக் காவலர். உள்ளே புகும் அந்நியப் பொருளைக் கவ்வி, அதன் சிறு கூறொன்றைச் சுமந்து, நிணநீர்க் குழாய் வழியே அண்மையிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் செல்கின்றன. காலிலே புண் வந்தால் அரையிலே நெறி கட்டுவதை நாம் அறிவோமன்றோ? முறைப்பாடு அங்கே கேட்கப்படுகின்றது; படையும் அங்கேயே திரள்கின்றது. ரீ கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்களுள் அக்கூற்றை இனங்காண வல்லவை பெருகித் தோலுக்குச் செல்கின்றன. பகை ஒழிந்த பின்னரும் அவற்றுட் சில அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை. ஒருவரது தோலில் வாழும் ரீ கலங்கள், அவரது குருதியில் ஓடுபவற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என மதிப்பிட்டுள்ளனர்.

இத்துணைப் பெரிய படை சில வேளை ஆளறியாது அடித்துவிடுவதும் உண்டு. மலிவான காதணியிலுள்ள நிக்கல் சிலருக்குப் பகையாய்த் தோன்றுவது அவ்வாறே. அணிந்து ஒன்றிரண்டு நாள் சென்ற பின்னரே கடி எழுவதால், பழி காதணிமேல் விழாது, முதல்நாள் உண்ட கத்தரிக்காய்மேல் விழுகின்றது.

சொரியாசிசில் நிகழ்வது இதனினும் வியப்பானது. தோலிலே வெளிப்பகை எதுவும் இல்லாதபோதும், ரீ கலங்கள் இன்ரர்லூக்கின் 17 முதலிய சைகைப் புரதங்களை ஓயாது சுரக்கின்றன. மேற்றோலோ, பெருங்காயம் பட்டதுபோல் எண்ணிப் புதுக் கலங்களை அவசர அவசரமாக ஆக்குகின்றது. வழக்கமாக ஒரு கலம் மேற்றோலின் அடியிலே தோன்றி, மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் செல்லும். இந்நோயில் அது சில நாட்களிலேயே முடிந்துவிடுகின்றது. முதிராத கலங்கள் அடுக்கடுக்காய்த் திரண்டு வெள்ளிச் செதிலாகின்றன. அடியிலே குருதிக் குழாய்கள் விரிவதாற் சிவப்பேறும். கரிய தோலிலே அச்சிவப்பு ஊதாவாகவோ கபிலமாகவோ தெரியுமென்றும், பாடநூற் படத்தின் நிறத்தை நம்மவர் கையிலே தேடவேண்டாமென்றும் நண்பர் எச்சரித்தார்.

நெடுங்காலமாக இது தோற்கலங்களின் குற்றமென்றே கருதப்பட்டது. உறுப்பு மாற்றஞ் செய்தோருக்கு நிர்ப்பீடனத்தை அடக்குவதற்கெனக் கொடுக்கப்படும் சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தை, மூட்டுவாதம் உடையோர் சிலருக்குக் கொடுத்தபோது, அவர்களுக்கிருந்த சொரியாசிசும் மறையக் கண்டனர். 1979 இல் அச்செய்தி வெளிவந்தது. காவற்படையை அடக்க நோய் அடங்கிற்று. குற்றவாளி யாரென்பது அதனாற் புலனாயிற்று.

எம் மாணவனுக்குப் படைகள் தோன்றுமுன் தொண்டை நோவும் காய்ச்சலும் இருந்தனவாம். ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவை எதிர்க்கப் பயின்ற ரீ கலங்கள், தோலிலே அதனை ஒத்த புரதத்தைக் கண்டு மயங்குகின்றன என ஆய்வாளர் கருதுகின்றனர். பரம்பரையியல்பு உடையோரிடத்தே இது நேர்வது மிகுதி. தொண்டைக் கிருமி பிறருக்குத் தொற்றும். தோலிற் படையோ ஒருபோதும் தொற்றாது. 2014 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவையும் இதனைத் தொற்றா நோயென்றே தீர்மானத்திற் குறித்தது.

எல்லாத் தோல்நோயும் இப்படியே என்று நான் கூறவரவில்லை. சொறியும் படர்தாமரையும் தொற்றுவனவே. எது எது என்று வாசலில் நின்று தீர்மானிப்பது அதிபரின் வேலையன்று. அதனை வைத்தியரிடம் விட்டிருக்கவேண்டும்.

பையனுக்குத் தொண்டைக்கு மருந்தும் தோலுக்குப் பூசுமருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதத்திற் படைகள் மங்கின. மீண்டும் வரக்கூடும் என்றும் சொல்லியிருக்கின்றார்கள். தாயார் வந்துபோன அன்றே நான் வகுப்புக்குச் சென்று, அவனைப் பழைய வாங்குக்கு வருமாறு அழைத்தேன். சுவரோரத்திற் காற்று நன்றாக வருகின்றது, இங்கேயே இருக்கிறேன் என்றான். அவ்வாண்டு முடியும்வரை அங்கேயே இருந்தான்.