எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறவருக்கு

எதிர்த் தெருத் தம்பி நேற்று சாயங்காலம் டீக்கடையில் ஒரு தாளை நீட்டினார். "அண்ணே, நாளைக்கு எம்.எல்.ஏ.கிட்ட குடுக்கப் போறோம். சரியா இருக்கான்னு ஒரு தடவ பாருங்க."

ஊருக்கு மாலையில் வந்துகொண்டிருந்த அரசு பஸ் நின்று நான்கு மாதம் ஆகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வருகிறார்கள். அதற்காகத்தான் மனு. ஆனால் பஸ் ஏழாவது வரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் வாழ்த்தும் வணக்கமும். பின்னால் சாக்கடை, தெருவிளக்கு, ரேஷன் கடைக்குக் கட்டடம், எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்று மொத்தம் ஒன்பது கோரிக்கைகள்.

இன்னும் இரண்டு டீ சொன்னேன். அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெருவிளக்கும் சாக்கடையும் ஊராட்சியின் வேலை. தேர்தல் நடக்காமல் தலைவர் நாற்காலி காலியாக இருந்தால் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். அரசு பஸ், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை எல்லாம் மாநில அரசைச் சேர்ந்தவை, அதற்கு எம்.எல்.ஏ. ரயில், தபால், பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலைக்கு எம்.பி. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள் என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. அவர்களுக்குத் தொகுதி கிடையாது. அதனாலேயே மாநிலத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அவர்களுக்கு எழுதலாம்.

அடுத்தது, எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது. எனக்கு நெடுநாளாக மனசில் கிடக்கிற விஷயம் இது. எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நாம் நிற்பது பெரும்பாலும் சிபாரிசுக்கு. காலேஜ் சீட், மாறுதல், மருத்துவமனையில் படுக்கை. அந்தத் தேவைகளை நான் குறை சொல்ல மாட்டேன், கஷ்டம் வந்தவர் போகத்தான் செய்வார். ஆனால் பஸ்ஸை ஓட்டச் சொல்லி உத்தரவு போடுகிற அதிகாரம் எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. போக்குவரத்துக் கழக அதிகாரிக்குப் போன் போடலாம், கடிதம் எழுதலாம். தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறதே என்றால், அதில் நிழற்குடை கட்டலாம், அதுவும் அவர் பரிந்துரைத்து ஆட்சியர் அனுமதித்த பிறகு. நிழற்குடைக்கு முன்னால் தினமும் பஸ் வந்து நிற்பதற்கு அந்தப் பணம் உதவாது. எம்.பி.க்கு 5 கோடி. அதிலும் இதே கதைதான்.

எம்.எல்.ஏ.வுக்கு இருந்து நமக்கு இல்லாத ஒன்று, அவையில் அமைச்சரைக் கேள்வி கேட்கும் உரிமை. நாம் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது அதைத்தான். "எங்கள் ஊர் பஸ் ஏன் நின்றது, எப்போது திரும்ப வரும் என்று சட்டமன்றத்தில் கேளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்கிறவர் எத்தனை பேர்? மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடலாம். அவையில் ஏற்கப்பட்ட கேள்வி அப்படித் தங்க முடியாது. பதில் சொல்ல அமைச்சருக்கு விவரம் வேண்டும். அதற்குத் துறை கீழே கேட்கும், கீழே இருப்பவர் கிளைப் பணிமனையைக் கேட்பார். டிரைவர் இல்லையா, வண்டி இல்லையா, வசூல் இல்லையா என்பது கோப்பில் எழுத்தாக ஏறும். பஸ் உடனே வராவிட்டாலும் அடுத்த மனுவை எதைப் பிடித்து எழுதுவது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

நாடாளுமன்றத்திலும் இதுதான் நடைமுறை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு பட்டியலில் வரும். அவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். ஆனால் 15 நாளுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்தாக வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு நம் கடிதம் போய்ச் சேர்ந்தால் பாதி வாய்ப்பு போய்விடும். பட்ஜெட், மழைக்கால, குளிர்காலத் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் வரும். போக்குவரத்துத் துறையின் நாளுக்கு முன்பே நம் தாள் எம்.எல்.ஏ. கையில் இருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு தம்பி தன் தாளை மறுபடி பார்த்தார். "அப்ப இதுல என்ன இருக்கணும்?"

ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. முதல் வரியிலேயே தடம் எண், ஊர், நேரம், நின்ற மாதம். அடுத்து, தினமும் எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர், இருட்டும்போது எங்கே இருக்கிறார்கள். கடைசியில் அவையில் அப்படியே வாசிக்கிற மாதிரி இரண்டு வரிக் கேள்வி. ஊர்க்காரர்கள் கையெழுத்து, போன் நம்பரோடு. இன்னொரு நகலில் அலுவலக சீலும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும், அதை வாங்காமல் படி இறங்கக் கூடாது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து நாம் கேட்கப் போவது அவரிடம்தான்.

"அவரு நம்ம கட்சி இல்லியேண்ணே?"

இருக்கட்டும். நாம் ஓட்டுப் போடாவிட்டாலும் அவர் நமக்கும் உறுப்பினர்தான். எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் கேள்வி கேட்பதில் இன்னும் ஆர்வமாக இருப்பார் என்பது என் எண்ணம்.

மதுரை மேலூர்ப் பக்கம் நடந்ததையும் சொன்னேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். அங்குள்ள ஊர்கள் அந்த மாதக் கிராம சபையிலேயே சுரங்கம் வேண்டாமென்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தார்கள். விவசாயிகள் குழு டெல்லிக்குப் போய் அமைச்சரைப் பார்த்தது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதாக மத்திய அரசு அறிவித்தது. டி.வி.யில் நாம் பார்த்தது நடைப்பயணத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கும் முந்தைய கிராம சபைத் தீர்மானம். அவையில் பேசப் போகிறவர் கையில் ஊரே கையெழுத்துப் போட்ட தாள் இருப்பது வேறு பலம்.

நம் ஊரிலும் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். பஸ் வேண்டும் என்று அங்கே தீர்மானம் எழுதவைத்து, நகல் வாங்கி மனுவோடு சேர்த்துவிட்டால் அது ஊரின் குரலாகிவிடும்.

டீ ஆறிப்போயிருந்தது. தம்பி ஒன்பது கோரிக்கைகளில் எட்டை அடித்துவிட்டு, சாக்கடையும் தெருவிளக்கும் தனித் தாளில் ஊராட்சிக்கு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"எத்தன பிள்ளைங்க நடக்குதுன்னு கேட்டீங்கள்ல, தெரியலண்ணே. நாளைக்கு அஞ்சு மணிக்கு மெயின் ரோட்டுல நின்னு எண்ணிட்டு வந்து எழுதுறேன்."