ஏழாண்டு காத்திருக்கும் மலர்

விதைத்த சில வாரங்களிலேயே பூவைக் காண விழையும் வாசகர்களே, வட அமெரிக்கக் கிழக்குக் காடுகளின் வெண் ட்ரில்லியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்று இலைகள், மூன்று இதழ்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1937-இல் இதனைத் தன் மலராக ஏற்றது.

விதையில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதனைப் புற்றுக்கு இழுத்துச் செல்கின்றன. சதையைத் தின்று விதையை விட்டுவிடுகின்றன. முதற் குளிர்காலத்துக்குப் பின் வேர் மட்டுமே விடும். இரண்டாவது குளிர்காலமும் கழிந்த பின்னரே இலை வெளிவரும். பூப்பதற்கு ஏழாண்டுகளும் அதற்கு மேலும் ஆகும்.

வளர்க்க விரும்புவோர், முற்றிய விதையை உலரவிடாமல் இலைமட்கு நிறைந்த நிழல் மண்ணில் உடனே ஊன்ற வேண்டும். வளர்ந்த செடியின் கிழங்கைப் பிரித்து நட்டால் விரைவில் பூக்கும். காட்டுச் செடியைப் பெயர்த்தெடுப்பது ஆகாது. இலையோடு பூவைக் கொய்தாலோ, உணவு சேர்க்க வழியின்றிச் செடி நலிந்துவிடும்.

பறிப்பதற்கு ஒரு நொடி, பூப்பதற்கு ஏழாண்டு. கை நீளுமுன் இதனை நினைவிற்கொள்வோமாக!