கீபோர்டு செத்துப்போச்சு தம்பி!

வாங்க, வாங்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாங்க! மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாசகசாலையின் பின்னறை இது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் இங்கே ஒரே திருவிழாதான். அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்கள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். சிலர் சிபியுவையே ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும், இன்டர்நெட் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரத்தான் ஆள் இருக்காது. அந்த ஆளாக இருக்க நாங்கள் நாலைந்து பேர் வருகிறோம். முன்பக்கம் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் உங்களை அழைத்துப் போவது மேசைக்கு அந்தப் பக்கம், எங்கள் ரகசியங்கள் இருக்கிற இடத்துக்கு!

முதலில் எங்கள் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், பென் டிரைவ் எல்லாம் நீங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் இதோ பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர்! ‘ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணுமே வரல’ என்று ஒரு மேசைக் கணினி வந்தால், முதலில் பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுவோம். ரேம் பலகையை உருவி, அதன் அடிவிளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்ப்போம். தூசும் ஈரக்காற்றும் சேர்ந்து படிந்த அழுக்கு போய்விடும். துடைத்து, திரும்பவும் ‘டிக்’கென்று செருகி, ஆன் செய்தால்... எத்தனையோ தடவை அந்தத் திரை அப்படியே உயிர் பெற்றிருக்கிறது! ஊரில் உள்ள எல்லா சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான் இது. இருந்தாலும் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

அடுத்தது பையின் ராணி: ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பளபளக்கும் பட்டன் பேட்டரி. பெயர் சிஆர் 2032. அந்த எண்ணிலேயே அளவு ஒளிந்திருக்கிறது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். கணினி அணைந்திருக்கும்போதும் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க இதுதான் காரணம். இது தீர்ந்துபோனால் வரும் புகார் என்ன தெரியுமா? ‘பேங்க் வெப்சைட்டுக்குள்ள போக முடியல, பாதுகாப்பு இல்லைன்னு பயமுறுத்துது!’ பேட்டரிக்கும் பேங்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? கணினியின் தேதி ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய் நின்றிருக்கும். பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டித்தான் நம்மை உள்ளே விடும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி இன்னும் பத்து வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், ‘இந்தச் சான்றிதழே இன்னும் பிறக்கவில்லையே’ என்று கதவை மூடிவிடும்.

இதில் நம்ம ஊர் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. படுக்கப் போகும்முன் கம்ப்யூட்டரின் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்குகிற குடும்பங்கள் நாம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அந்தக் குட்டி பேட்டரிக்கு வேலை இல்லை. சுவிட்சை அணைத்ததும் இரவெல்லாம் அதுதான் கண்விழித்துக் காவல் காக்கிறது. ஆகவே சீக்கிரம் களைத்துப்போகிறது. பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, பேங்க் பக்கம் திறந்துகொள்ளும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனி என் மனசுக்கு ரொம்பப் பிடித்த வழக்குக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர். வந்ததும் வராததுமாக, ‘கீபோர்டு செத்துப்போச்சு தம்பி. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு’ என்றார். பையன் வேறு ஃபோனிலேயே புது கீபோர்டு வாங்கச் சொல்லிவிட்டானாம். ‘அப்படியே உட்கார்ந்து, வீட்டுல தட்டுற மாதிரி தட்டுங்க ஐயா’ என்றேன். பேரனுக்கு ஒரு கடிதம் தட்டத் தொடங்கினார். எழுத்து எதுவும் விழவில்லை. அடுத்த வரியை யோசிக்கும்போது கையைக் கீபோர்டின் மேலேயே வைத்துக்கொண்டார். வலது கைச் சுண்டுவிரல் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? வலது ஷிஃப்ட் கீயின் மேல்!

விண்டோஸில் வலது ஷிஃப்டை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால் ‘ஃபில்டர் கீஸ்’ என்றொரு வசதி வேண்டுமா என்று கேட்கும். கை நடுங்குகிறவர்களுக்காகவே செய்த அருமையான ஏற்பாடு அது. தவறிப் படும் தொடுதல்களை எல்லாம் கணினி கண்டுகொள்ளாது, நிதானமாக அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். ஐயா முந்தின இரவு யோசனையில் விரலை அங்கே வைத்திருக்கிறார், ஏதோ கேள்வி வந்திருக்கிறது, ‘ஆம்’ கொடுத்திருக்கிறார். அப்போதிலிருந்து அவருடைய வேகமான தட்டல்கள் எல்லாம் தவறுதலான தொடுதலாகவே எண்ணப்பட்டு வந்திருக்கின்றன! ‘ஐயா, அதே ஷிஃப்டை இன்னொரு தடவை பிடிச்சுக்கிட்டு எட்டு வரைக்கும் எண்ணுங்க’ என்றேன். வாய்விட்டு எண்ணினார். எட்டில் ஒரு சத்தம் வந்தது. தட்டிப் பார்த்தார். எழுத்து விழுந்தது! ‘அட, சாகலியா இது!’ என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு அவரே மூன்று பேருக்கு அதைச் செய்து காட்டினார்.

பார்த்தீர்களா, பெரியவர்கள் சொல்லும் ‘ரிப்பேர்’களில் பாதிக்குமேல் ரிப்பேரே இல்லை. கணினிக்குள் ஒளிந்திருக்கும் வசதி ஒன்றில் அவர்கள் கை தெரியாமல் பட்டிருக்கும், அவ்வளவுதான். ‘எனக்கு இதெல்லாம் வராதுப்பா’ என்று அவர்கள் ஒதுங்கும்போது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. அந்த ரகசியத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் உண்மை.

அதனால்தான் எங்கள் அறையில் ஒரு கண்டிப்பான சட்டம்: உதவுகிறவர் மௌஸைத் தொடக்கூடாது! கற்கிறவருக்கு இடப்பக்கம்தான் நாற்காலி போடுவோம், அப்போதுதான் நம் கை அந்த மௌஸுக்கு எட்டாது. புதிதாக வரும் இளைஞர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. ‘கொடுங்க, நான் பண்ணித் தர்றேன்’ என்று விரல் துறுதுறுக்கும். பண்ணிக் கொடுத்தால் அரை நிமிட வேலை. அவரே பண்ணினால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அறையே இருக்கிறது.

சரி, அடுத்த ரகசியம்: டபுள் கிளிக். இரண்டு தட்டலுக்கு நடுவே அரை விநாடிக்குமேல் ஆனால் விண்டோஸ் அதை இரண்டு தனித்தனித் தட்டலாகவே எடுத்துக்கொள்ளும். மூட்டுவலி உள்ள விரலுக்கு அரை விநாடி எம்மாத்திரம்! மௌஸ் செட்டிங்ஸில் அந்த வேகத்தைக் குறைத்துவிடலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். திறந்துகொள்ளும்! இதைச் சொன்னதும், ‘இதை ஏன் எவனும் இத்தனை நாளா சொல்லல?’ என்று ஓய்வுபெற்ற ரயில்வே சார் ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்.

காணாமல்போகும் கோப்புகளும் இதே குடும்பம்தான். பட்டனை அழுத்தியபடி மௌஸ் நாலு புள்ளி நகர்ந்தால் போதும், நீங்கள் எதையோ இழுத்துப் போகிறீர்கள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். கை லேசாக நடுங்கினால் பேத்தி கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிடும். ‘எல்லாப் படமும் அழிஞ்சு போச்சு’ என்று இங்கே உட்கார்ந்திருக்கும்போதே கண் கலங்கிய அம்மாவிடம், ‘கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு இசட் அழுத்துங்கம்மா’ என்றோம். ஃபோல்டர் பழைய இடத்தில் வந்து குதித்தது! எழுதும்போது செய்த பிழையைத் திருத்த மட்டுமே கண்ட்ரோல் இசட் என்று பலர் நினைக்கிறார்கள். இடம் மாறிப்போன ஃபோல்டரையும் உடனே செய்தால் அது திருப்பிக் கொண்டுவரும்.

கை பழகுவதற்கு நாங்கள் எழுதித்தரும் மருந்து, சாலிடேர் சீட்டாட்டம். 1990இல் விண்டோஸ் 3.0இல் வந்த விளையாட்டு. எழுதியவர் வெஸ் செர்ரி, எழுதும்போது அவர் பயிற்சி மாணவர். சீட்டுகளை வரைந்தவர் மேக்கின்டாஷ் சின்னங்களை உருவாக்கிய சூசன் கேர். மௌஸைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் விடப் பழக இதைவிட நல்ல பாடப்புத்தகம் இன்றுவரை கிடையாது என்பது என் தீர்ப்பு.

இப்போது தமிழ்! ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் வருவார். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். அவர் கம்ப்யூட்டரில் யாரோ தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த அமைப்பு அது. புதிதாகக் கற்பவருக்கு மிக நல்லது: உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. க அடித்து எ அடித்தால் கெ வந்துவிடும். ஆனால் இந்த அம்மாவின் விரல் முப்பது வருடம் ஆபீசில் பழகியது வேறு முறை. டைப்ரைட்டரில் முதலில் கொம்பு, அப்புறம்தான் ககரம். ‘எனக்குத் தமிழே மறந்துபோச்சு போலிருக்கே’ என்று உட்கார்ந்துவிட்டார். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தோம். அவ்வளவுதான்! திரையைக்கூடப் பார்க்காமல் மழை கொட்டுவதுபோலத் தட்டினார் அந்த அம்மா. இளைஞர்கள் எல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள். இப்போது சங்கத்து அறிக்கைகளை அவர்தான் தட்டித் தருகிறார்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவே எங்கள் முகம் இறுகிப்போகும் நேரம் ஒன்று உண்டு. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’. இதை மட்டும் வருகிற எல்லாரையும் ஒரு தடவை ஒத்திகை பார்க்க வைத்துவிடுகிறோம். எண்ணை அழைக்காதீர்கள். எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட்டும் எஃப்4உம். அதற்கும் மசியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் ஃபோன் நம்பரே இருக்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது என்ற அறிவிப்பு வந்தபோது பலர் பதறி ஓடி வந்தார்கள். அது மெய்யான செய்தி, அதில் யாரும் அழைக்கச் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை அருகருகே வைத்துக் காட்டியபோது, ‘நம்பர் இருந்தா திருடன்’ என்று ஒரு பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்கள் சுவரில் இப்போது அதுதான் எழுதி ஒட்டியிருக்கிறது, கீழே 1930 என்ற எண்ணோடு. பணம் பறிபோய்விட்டால் முதல் நிமிடமே அழைக்க வேண்டிய தேசிய சைபர் குற்ற உதவி எண் அது.

மூலையில் சின்னச் சின்னதாக விளம்பரம் குதித்துக்கொண்டே இருந்தால் அது வைரஸ் இல்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டதற்கு ‘அனுமதி’ கொடுத்ததன் பலன். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் அமைதி.

ஒவ்வொருவரும் கிளம்பும்முன் அன்று கற்றதை அவர்கள் நோட்டில், அவர்கள் கையெழுத்தில், அவர்கள் வார்த்தையில் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும். ‘வலது ஷிஃப்ட், எட்டு எண்ணு’ என்று தலைமையாசிரியர் ஐயாவின் அழகான கையெழுத்தில் இருக்கும் பக்கத்தை நான் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் குயிக் அசிஸ்ட் என்று ஒன்று உண்டு. நீங்கள் ஒரு குறியீட்டைச் சொல்ல, அப்பா அதைத் தட்ட, அவர் திரை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் உங்களிடம் பேசும்போது மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், திருடர்களும் இதே வழியைத்தான் கேட்பார்கள். திரை தெரிந்த பிறகும் நீங்கள் எதையும் நகர்த்தாமல், எங்கே தட்ட வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரே செய்துவிட்டு உங்களுக்கு ஃபோன் செய்வார், பாருங்கள்!