ஒரு குர்த்தி, 21 பதிவுகள்: இணையச் சந்தையில் அளவும் நிறமும் பிரிக்கப்படுவது எப்படி?

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் அச்சிடப்படும் பருத்திக் குர்த்தி ஒன்றை இணையச் சந்தையில் தேடுபவர் காண்பது ஒரே பக்கத்தைத்தான். நிறங்களுக்கான சிறு கட்டங்களும், ‘எஸ்’ முதல் ‘டபுள் எக்ஸ்எல்’ வரையிலான அளவுகளும் அதிலேயே இருக்கும். ஆனால், விற்பனையாளரின் கணக்கில் அது ஒரு பொருள் அன்று. 4 நிறங்கள், 5 அளவுகள் எனில் 20 தனிப் பொருள்கள். அவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் பதிவையும் சேர்த்தால் 21. சிறு விற்பனையாளர்கள் பலர் தடுமாறுவது இந்த 21 வரிகளை நிரப்பும் இடத்தில்தான்.

தாயும் சேயும்

கட்டிவைக்கும் அந்தப் பதிவு அமேசான் தளத்தில் ‘பேரன்ட்’ எனவும், அதன்கீழ் வருபவை ‘சைல்டு’ எனவும் அழைக்கப்படுகின்றன. தாய்ப் பதிவை எவரும் வாங்க முடியாது. அதற்கு விலையும் இல்லை, கையிருப்பும் இல்லை. விற்பனைக்குரியவை சேய்ப் பதிவுகளே. ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்கேயு எண், தனி விலை, தனிக் கையிருப்பு வேண்டும். பார்கோடு எண்ணும் தனித்தனியே தேவை. வணிகப் பெயர் இல்லாத பொருள்களை விற்போர் அந்த எண்ணிலிருந்து விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம்.

பதிவேற்றத்துக்கான எக்ஸெல் படிவத்தில் மூன்று பத்திகள் முக்கியமானவை: இது தாயா சேயா என்பது, சேய் எனில் எந்தத் தாய்க்கு உரியது என்பது, எந்த அடிப்படையில் மாறுபடுகிறது என்பது. அளவு, நிறம், அளவும் நிறமும் என அந்த அடிப்படை எதுவாயினும், எல்லா வரிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘அளவும் நிறமும்’ எனக் குறித்துவிட்டு ஒரு வரியில் நிறத்தை வெற்றிடமாக விட்டால், அந்த உருப்படி குடும்பத்தில் சேராது. ஒரு வரியில் ‘நேவி புளூ’ என்றும் மற்றொன்றில் ‘புளூ நேவி’ என்றும் எழுதினால், ஒரே நிறத்துக்கு இரண்டு கட்டங்கள் தோன்றும். சிறிய பிழைதான், ஆனால் 20 வரிகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

நிறத்துக்கு இரண்டு பத்திகள் இருப்பதும் பலரைக் குழப்புகிறது. ‘ராணி பிங்க்’, ‘மெஹந்தி பச்சை’ என விற்பனையாளர் சூட்டும் பெயர் ஒன்றில் இடம்பெறும். மற்றொன்றில் இளஞ்சிவப்பு, பச்சை எனப் பொதுப்பெயரைத் தர வேண்டும். வாங்குபவர் நிறத்தைக் கொண்டு வடிகட்டித் தேடும்போது பயன்படுவது இந்தப் பொதுப்பெயரே.

அடிப்படையைத் தவறாகத் தேர்ந்துவிட்டால், தாய்ப் பதிவை நீக்கிப் புதிதாக உருவாக்குவதே வழக்கமான தீர்வு. அவ்வாறு நீக்குவதால் சேய்ப் பதிவுகள் அழிவதில்லை. மீண்டும் இணைக்கப்படும் வரை தனித்தனிப் பக்கங்களாக நிற்கும்.

எதைச் சேர்க்கக் கூடாது?

ஒரே குடும்பமாக இருப்பதில் பெரும் ஆதாயம் உண்டு. உறுப்புகள் பெறும் மதிப்புரைகளும் நட்சத்திரங்களும் பொதுவாக ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரியும். முறைகேடும் இங்கிருந்தே தொடங்குகிறது. நன்றாக விற்ற பழைய பொருளின் குடும்பத்தில், தொடர்பற்ற புதிய பொருளைச் செருகி, பழைய நட்சத்திரங்களைப் புதியதற்கு ஏற்றுவது அந்த உத்தி.

அமெரிக்காவில் பவுன்டிஃபுல் என்ற ஊட்டச்சத்து மாத்திரை நிறுவனம், அமேசானில் இவ்வாறு புதிய தயாரிப்புகளைப் பழையவற்றின் மாறுபாடுகளாகக் காட்டியதாக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023-ஆம் ஆண்டில் 6 லட்சம் டாலர் செலுத்துமாறு அந்த நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது.

குர்த்தியில் எல்லைக்கோடு தெளிவானது. துணியும் தையல் அமைப்பும் ஒன்றாக இருந்து, நிறமும் அளவும் மட்டும் மாறினால் ஒரே குடும்பம். பருத்தியுடன் ரேயானையோ, தனிக் குர்த்தியுடன் துப்பட்டா சேர்ந்த மூன்று உருப்படித் தொகுப்பையோ ‘நிறம்’ என்ற பெயரில் இணைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதே. தளம் கண்டறிந்தால் குடும்பத்தைப் பிரிக்கலாம், பட்டியலை முடக்கலாம். பண்டிகைக் கால விற்பனையின் நடுவே அப்படி நேர்ந்தால், கையிருப்பு முழுவதும் கிடங்கில் தேங்கும்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மைகளுக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. மெரூன் உருப்படிக்குச் சிவப்புக் குர்த்தியின் படத்தை வைத்தவருக்கும் இது பொருந்தும்.

வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்கலாம். பல மதிப்புரைகளின் மேற்பகுதியில், எழுதியவர் வாங்கிய நிறமும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். தாம் வாங்கப்போகும் உருப்படியைப் பற்றியதா அது எனப் பார்த்துக்கொள்வது நல்லது.

விலையும் வரியும்

பெரிய அளவுகளுக்குத் துணி கூடுதலாகத் தேவைப்படுவதால், அவற்றுக்கு விலையை உயர்த்தி வைப்போர் உண்டு. சேய்ப் பதிவுகளுக்குத் தனி விலை இருப்பதால் இதில் தடையில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை எனில் 5 சதவீத ஜிஎஸ்டியும், அதற்கு மேல் 18 சதவீதமும் விதிக்கப்படுகின்றன. வரிக்கு முந்தைய விலை ‘எம்’ அளவுக்கு 2,400 ரூபாயாகவும், ‘டபுள் எக்ஸ்எல்’ அளவுக்கு 2,600 ரூபாயாகவும் இருந்தால், ஒரே பக்கத்தில் உள்ள ஒரே குர்த்திக்கு இரண்டு வரி விகிதங்கள். வரி சேர்ந்த விலை முறையே 2,520 ரூபாய், 3,068 ரூபாய் ஆகிவிடும். 200 ரூபாய் வேறுபாடு, வாங்குபவரின் திரையில் 548 ரூபாயாகத் தெரியும்.