கணனியின் கணக்கும் தபாலதிபரின் வாக்கும்

அரசாங்கம் ஒன்று எதனை மறைக்கலாம், எதனை மறைத்தல் ஆகாது என்னும் வினா எழும்பொழுது நம் நினைவுக்கு முதலில் வருவன படைக்கலங்களும் ஒற்றர்களும் வெளிநாட்டு உடன்படிக்கைகளுமே. ஆனால் குடிமக்களின் வாழ்வைச் சிதைத்த மறைப்புக்கள் யாவும் அத்தகைய பேரிரகசியங்கள் அல்ல. முத்திரை விற்பதும் ஓய்வூதியம் வழங்குவதுமான ஓர் எளிய அலுவலகத்திலே, கணக்கெழுதும் இயந்திரம் ஒன்றைப் பற்றிய உண்மை ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் மூடிவைக்கப்பட்டது. அம்மறைப்பினால் நூற்றுக்கணக்கான நேர்மையாளர் கள்வர் என்று பெயரெடுத்தனர். பாராளுமன்ற சனநாயகத்தின் தாயகம் என்று நாம் பாடசாலைகளிலே கற்பித்து வந்த பிரித்தானியாவில் நிகழ்ந்தது இது.

உப தபாலகம் இன்னதென நம் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பிரித்தானியாவின் உப தபாலதிபர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர். தபால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பெரும்பாலும் தம் சொந்தச் சேமிப்பிலே ஒரு கடையை வாங்கி, அதன் ஒரு மூலையிலே தபாற் கருமங்களை நடத்துபவர். கிராமத்து முதியோர் அனைவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர். ஊராரின் நம்பிக்கையே அவருடைய முதல். அந்த நம்பிக்கை போய்விட்டால் கடையும் போய்விடும், பெரும்பாலும் ஊரும் போய்விடும்.

முன்னாளிலே அவர் கணக்கைக் காகிதத்தில் எழுதினார். வாரந்தோறும் இருப்பைக் கூட்டிப் பார்ப்பார். தொகை பொருந்தாவிடின் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பிழையின்மேல் விரலை வைத்துவிடலாம். இந்த விரல் வைக்கும் வசதியே பின்னர் பறிபோயிற்று. 1996 ஆம் ஆண்டிலே, உதவிப் பணம் பெறுவோர்க்கு அட்டை வழங்கும் திட்டம் ஒன்றுக்காகத் தபாலகங்களைக் கணனிமயமாக்கும் ஒப்பந்தம் ஐ.சி.எல். என்னும் கம்பனியாருக்குக் கொடுக்கப்பட்டது. இக் கம்பனி யப்பானியப் பெருநிறுவனமாகிய புஜிற்சுவின் கையில் இருந்தது. வேலை தாமதமாயிற்று, குறைகள் மலிந்தன. 1999இல் அட்டைத் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. எனினும் பெரும்பணம் செலவாகிவிட்ட அந்தக் கணனி முறையை வீணாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எஞ்சிய பகுதியைத் தபால் நிறுவனம் ஏற்று, 'ஹொறைசன்' என்ற பெயரோடு நாடெங்கும் உள்ள தபாலகங்களில் நிறுவியது. பிறக்கும்போதே நோயுடன் பிறந்த பிள்ளையைத் திடகாத்திரமானது என்று பெற்றோர் இருவரும் சாதிக்க வேண்டிய நிலை அங்கேயே தோன்றிவிட்டது.

இயந்திரம் எவ்வாறு பிழை செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2015இல் ஸ்கொத்லாந்தின் டல்மெலிங்ரன் என்னும் ஊரோடு தொடர்புடைய ஒரு கிளையிலே, வந்து சேர்ந்த 8,000 பவுண் பணப்பொதியைக் கணக்கிற் சேர்க்கும்போது கணனித் திரை நகராமல் நின்றது. அலுவலர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தத்தையும் கணனி புதியதொரு பொதியாக எண்ணிக்கொண்டது. நான்கு முறை 8,000 பதியப்படவே, கையில் ஒருபோதும் இருந்திராத 24,000 பவுண் கணக்கிலே ஏறிற்று. இல்லாத பணம் கணக்கில் இருக்குமாயின் அதன் பெயர் பற்றாக்குறை. பற்றாக்குறைக்கு விடை சொல்ல வேண்டியவர் தபாலதிபர்.

ஒப்பந்தத்தின்படி, தம் கவனக்குறைவாலோ தவறாலோ நேரும் நட்டத்துக்கே அவர் பொறுப்பாளி. தபால் நிறுவனமோ எந்தப் பற்றாக்குறை தோன்றினும் அவர்மீதே சுமத்தி வந்தது. ஹம்ஷயர் பகுதியிலே ஓர் அம்மையார், ஏறத்தாழ 2,000 பவுண் குறைகின்றது என்று உதவித் தொலைபேசியை நாடினார். அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். தொகை அவர் கண்முன்னே இரட்டித்தது. ஈற்றிலே 36,000 பவுண் வரை அவர் பொறுப்பேற்க நேர்ந்தது. வீட்டை ஈடு வைத்தார். ஊரார் பணம் சேர்த்துக் கொடுத்தனர். திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்பட வேண்டுமானால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், சிறைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார். இவ்வாறு ஒப்புக்கொண்டவர் பலர்.

நீதிமன்றம் என்ன செய்தது என்று நேயர்கள் வினவலாம். இங்கே இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, இங்கிலாந்திலும் வேல்சிலும் தபால் நிறுவனம் தானே வழக்குத் தொடுத்தது. பணத்தை இழந்ததாகக் கூறியவரும், விசாரணை செய்தவரும், குற்றஞ் சாட்டியவரும் ஒருவரே. இரண்டாவது, கணனிச் சான்றைப் பற்றிய சட்டம். 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69 ஆம் பிரிவின்படி, ஒரு கணனிப் பதிவைக் குற்ற வழக்கிலே சான்றாகக் கொணர்பவர் அக்கணனி ஒழுங்காக இயங்கியது என்று காட்டியாக வேண்டும். இது வீண்சுமை என்று கருதப்பட்டு 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. நீக்கம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், எதிரானது காட்டப்படாத வரையில் கணனி சரியாகவே இயங்கியது என்பது ஊகம். ஹொறைசன் நாடெங்கும் நிறுவப்பட்ட அதே காலத்திலேதான் இச்சட்டமும் மாறியது. எதிரானதைக் காட்டுவதற்கு வேண்டிய பதிவுகளோ தபாலதிபரிடம் இல்லை. தபால் நிறுவனத்திடமும் புஜிற்சுவிடமும் இருந்தன.

பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டி, இதனுள் இருப்பது பொய் என்று நிரூபி, ஆனால் திறவுகோலைக் கேளாதே என்பது போன்ற நீதி இது. 1999க்கும் 2015க்கும் இடையிலே 900க்கும் மேற்பட்டோர் வழக்கு மன்றம் ஏற்றப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 700 பேர் மீது தபால் நிறுவனமே வழக்குத் தொடுத்தது. சிலர் சிறை சென்றனர். அவருள் ஒருவர் கருவுற்றிருந்த தாய்.

ஆயினும் இவற்றினும் கொடியது என யான் கருதுவது வேறொன்று. உதவி கோரித் தொலைபேசியில் அழைத்தோர் பலர், பல்வேறு ஊர்களிலிருந்து, ஒரே வகையான விடையைப் பெற்றதாகப் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர்: வேறெவருக்கும் இத்தகைய தொல்லை இல்லை, உங்களுக்கு மட்டுமே. இயந்திரத்தில் பிழை உண்டென்பதை மறைத்தது ஒரு மறைப்பு. நும்போல் பலர் உளர் என்பதை மறைத்தது அதனினும் பெரிய மறைப்பு. தனியொருவனாய் நிற்பவன் தன் நினைவையே ஐயுறத் தொடங்குகிறான். தான்தான் எங்கோ கூட்டலில் தவறிவிட்டேனோ என இரவிலே எண்ணிப் பார்க்கிறான். தன் கணவனை ஐயுறுகிறாள்; கடைச் சிப்பந்தியை ஐயுறுகிறாள். பத்துப் பேர் கூடினால் அது பொது விவகாரம் ஆகிவிடும். பத்திரிகை எழுதும், பாராளுமன்றத்தில் வினா எழும். பத்துப் பேரும் தனித்தனியே நாணித் தலைகுனிந்திருக்கும் வரை அது பத்துத் தனி மனிதரின் இழுக்காகவே இருக்கும்.

அறிந்திருந்தோர் யார்? புஜிற்சுவிலே, அறியப்பட்ட பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவு ஒன்று இருந்தது. பின்னாளில் வழக்கிலே அதனைக் கேட்டபோது, அப்படியொன்று உண்டா என்றே தபால் நிறுவனம் முதலில் ஐயம் எழுப்பியது. பின்னர் அது வழக்குக்குப் பொருத்தமற்றது என்றது. கிளையில் இருப்பவர் அறியாமலே தொலைவிலிருந்து அவர் கணக்கிலே கைவைக்க இயலுமா என்ற வினாவுக்கு, 2015இலும் இயலாது என்றே விடை கூறப்பட்டது. இயலும் என்பது வழக்கிலே வெளியாயிற்று. 2013 யூலையிலே, நிறுவனத்துக்கு ஆலோசனை கூறிய வழக்கறிஞர் ஒருவர், புஜிற்சுவின் பொறியியலாளர் சாட்சியளித்தபோது தாம் அறிந்த பிழைகளை நீதிமன்றத்துக்கு வெளியிடவில்லை என்றும், இனி அவரைச் சாட்சியாக நம்பலாகாது என்றும் எழுத்திலே எச்சரித்தார். அவ்வெழுத்து இருப்பதே தண்டனை பெற்றோருக்கு 2020 வரையில் தெரியாது. தபால் நிறுவனம் தானே 2012இல் அமர்த்திய 'செக்கண்ட் சைற்' என்னும் கணக்காய்வாளர்கள் சங்கடமான வினாக்களைக் கேட்கலாயினர். 2015இல் அவர்களது பணி முடித்துவைக்கப்பட்டது.

இதிலே அரசாங்கத்தின் பங்கு நுட்பமானது. தபால் நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் அரசாங்கத்துக்கு உரியன. ஆனால் அது கம்பனி வடிவிலே நடத்தப்பட்டமையால், கேள்வி வந்தபோதெல்லாம் அன்றாட நிருவாகம் எமது பொறுப்பன்று என்று அமைச்சர்கள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. கம்பனிக்குரிய மறைவும் அரசுக்குரிய வலிமையும் ஒருங்கே வாய்த்த நிறுவனம் அது. குடிமகன் பற்றிக்கொள்ள எந்தப் பக்கத்திலும் பிடி இல்லை.

பிடி தேடியவருள் முதல்வர் அலன் பேற்ஸ். வேல்சின் கடலோர நகராகிய லண்டுட்னோவின் அருகே தபாலகம் நடத்தியவர். விளங்காத பற்றாக்குறையை ஏற்க மறுத்தமையால் 2003இல் ஒப்பந்தத்தை இழந்தார். 2009இல் 'கொம்பியூட்டர் வீக்லி' என்னும் துறைசார் சஞ்சிகை ஏழு தபாலதிபர்களின் வரலாற்றை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே வோரிக்ஷயரில் பெனி கொம்ரன் என்னும் சிற்றூரின் மண்டபத்திலே பேற்ஸ் ஒரு கூட்டம் கூட்டினார். உங்களுக்கு மட்டுமே என்ற பொய் அம்மண்டபத்திலே உடைந்தது. 2010இல் தமக்குப் பொறுப்பான அமைச்சரைக் காண விரும்பி அவர் எழுதியபோது, சந்திப்பினால் பயன் விளையாது என்று பதில் வந்தது; மீண்டும் வற்புறுத்தி அதே ஆண்டிலே சந்தித்தார். ஈற்றில் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். வழக்கின் நடுவே நீதியரசர் பிறேசர் விலக வேண்டும் என்று தபால் நிறுவனம் மனுச் செய்து தோற்றது. 2019 டிசெம்பரில் அவர் அளித்த தீர்ப்பு, பழைய ஹொறைசன் நம்பத்தக்கதாய் இருக்கவில்லை என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. இணக்கமாகக் கிடைத்த 5 கோடியே 77½ இலட்சம் பவுணில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. ஆளுக்கு ஏறத்தாழ 20,000 பவுண் எஞ்சிற்று. 2021 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புக்களை ஒரே நாளில் நீக்கியது.

இத்துணை நிகழ்ந்தும் பொதுமக்கள் பெருமளவில் கிளர்ந்தெழுந்தது 2024 சனவரியிலேதான், ஐ.ரி.வி. தொலைக்காட்சி இவ்வரலாற்றை நாடகமாக ஒளிபரப்பிய பின்னர். நூற்றுக்கணக்கான பக்கத் தீர்ப்புச் செய்யாததை நான்கு இரவு நாடகம் செய்தது. இதனை நாடகக் கலையின் வெற்றி என மகிழ்வதா, விவாத மன்றங்களின் தோல்வி என வருந்துவதா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் தண்டனைத் தீர்ப்புக்களை மொத்தமாக நீக்கும் சட்டம் நிறைவேறியது. நீதிமன்றத் தீர்ப்பைப் பாராளுமன்றம் அழிப்பது நல்ல வழக்கமன்று. ஆயினும் தனித்தனியே மேன்முறையிட்டுக் காத்திருக்க முதியோர் பலருக்கு ஆயுள் போதாது. புஜிற்சுவின் ஐரோப்பியத் தலைவர் அதே சனவரியில், தொடக்கம் முதலே பிழைகள் இருந்தன என்றும், இழப்பீட்டிலே பங்கேற்கும் தார்மிகக் கடமை தம் நிறுவனத்துக்கு உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். 2025 யூலையில் வெளியான விசாரணை ஆணைக்குழு அறிக்கையின் முதற்பாகம், குறைந்தது 13 பேர் தம் உயிரைப் போக்கிக்கொண்டமைக்கு இவ்விவகாரம் காரணமாய் இருந்திருக்கக்கூடும் என்று கூறியது.

கணனி சரியாகவே இயங்கியது என்னும் ஊகம் தக்கதுதானா என்று பிரித்தானிய நீதி அமைச்சு 2025 சனவரியிலே கருத்துக்களைக் கோரியது. 69 ஆம் பிரிவு நீங்கி அப்பொழுது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.