டெங்கு வைரசு வெட்டும் மனிதப் புரதம்

டெங்கு வைரசின் மரபுப் பொருள் ஏறத்தாழ 11,000 மூலங்கள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. மனிதக் கலத்துக்குள் நுழைந்ததும் அதிலிருந்து ஒரே நீண்ட புரதம் உருவாகிறது. அதைத் துண்டாடினால்தான் வைரசுக்கு வேண்டிய 10 புரதங்களும் கிடைக்கும். சில வெட்டுகளை மனிதக் கலத்தின் நொதியங்களே செய்து கொடுத்துவிடுகின்றன. மற்றவற்றை வைரசின் சொந்த நொதியமான என்.எஸ்.2பி–என்.எஸ்.3 செய்கிறது. நிர்ப்பீடனக் கலங்களில் எந்தப் பரம்பரையலகு இயங்கலாம், எது இயங்கக்கூடாது என்பதிலும் இதே நொதியம் தலையிடுகிறது.

புரதத்தை வெட்டிப் பரம்பரையலகை ஆள்வது உடலுக்குப் புதிதல்ல. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி கலங்களில் என்.எஃப்.–கப்பா பி என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். ஐ–கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைக் கலத்தின் கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். கிருமி நுழைந்த தகவல் வந்ததும் கலத்தில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் அந்தக் காவற் புரதத்தைச் சிதைத்துவிடும். விடுபட்ட புரதம் கருவுக்குள் சென்று அழற்சிக்குரிய பரம்பரையலகுகளை இயக்கும். நிர்ப்பீடனக் கலங்களில் ஒருவகையான மொனோசைட்டுகளில் வெட்டு டி.என்.ஏ.யின் அருகிலேயே விழுகிறது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் நுனியைக் கதெப்சின் ஜி, எலாஸ்டேஸ், புரோட்டினேஸ் 3 ஆகிய நொதியங்கள் நறுக்குகின்றன. அந்த நறுக்கல் அடங்குவது மொனோசைட்டு, கிருமிகளை விழுங்கும் மக்ரோபேஜாக முதிர்வதற்கு உதவுகிறது என 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

டெங்கு கையாளுவதும் இதே உத்திதான், உடலுக்கு எதிராக. மாரி மழைக்குப் பின் இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் நீரில் ஈடிஸ் நுளம்பு பெருகுகிறது. அது கடிக்கும்போது தோலில் உள்ள கிளைக் கலங்கள் முதலில் தொற்றுக்குள்ளாகின்றன. தொற்றால் இழைமணிகள் பாதிக்கப்பட்டு அவற்றின் டி.என்.ஏ. வெளியே கசியும். அதை உணர்ந்தெழும் சமிக்ஞையை ஸ்டிங் என்ற புரதம் முன்னே கடத்த வேண்டும், அப்போதுதான் ஐ.ஆர்.எஃப்.3 என்ற புரதம் கருவை அடைந்து, வைரசை எதிர்க்கும் இன்டர்பெரோனின் பரம்பரையலகை இயக்கும். என்.எஸ்.2பி–என்.எஸ்.3 அந்த ஸ்டிங்கையே வெட்டிவிடுகிறது என்பதை 2012இல் இரு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. இன்டர்பெரோன் குறைய, வைரசு பெருகுகிறது.

இந்த வெட்டு மனிதனிலும் அவனுக்கு நெருங்கிய சில வாலில்லாக் குரங்குகளிலும் மட்டுமே நிகழ்கிறது. எலியின் ஸ்டிங்கும், காட்டில் வைரசைத் தாங்கி வாழும் குரங்குகளின் ஸ்டிங்கும் தப்பிவிடுகின்றன. அவற்றின் 78ஆம், 79ஆம் அமினோ அமிலங்களை மனிதருக்குரியவையாக மாற்றியபோது அவையும் வெட்டுப்பட்டன. இரண்டே அமினோ அமிலங்களில் இத்தனை வேறுபாடு தங்கியிருப்பது வியப்புக்குரியது. எலியில் டெங்குவை ஆராய்வது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கும் இதில் ஒரு பகுதி விடை உண்டு.

2017இல் இலங்கையில் 1,86,101 பேர் டெங்குவுக்கு உள்ளானதாகப் பதிவானது. எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி.க்கும் வைரசின் வெட்டு நொதியத்தை முடக்கும் மருந்துகள் உள்ளன, டெங்குவுக்கு இல்லை. டெங்கு நொதியத்தின் வெட்டும் பகுதி ஆழமற்றது. மருந்து மூலக்கூறு அதில் பிடித்து நிற்பது கடினம். நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறுகளையே அது விரும்பி ஏற்கும். அத்தகையவை கலத்துக்குள் எளிதில் புகுவதில்லை. ஆகவே வைத்தியசாலை விடுதியில் சிகிச்சை இன்னும் நீர்ச் சமநிலையையும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையும் விடாது கவனிப்பதாகவே உள்ளது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கப்படுகிறது. அஸ்பிரினும் இபுபுரோபனும் குருதிப்பெருக்கைத் தூண்டக்கூடும் என்பதால் விலக்கப்படுகின்றன.