நிரூபிக்க வேண்டியது யார்?

பூமியின் வயதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட கிளேர் பேட்டர்சனுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது ஆய்வகத்துத் தூசி. யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து காரீயமாக மாறும். ஆகவே பூமி உருவான காலத்திலேயே உருவான விண்கல்லில் எந்தெந்த வகைக் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். ஆனால் 1940களின் இறுதியில் சிகாகோவில் அவர் அளந்தபோதெல்லாம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு காரீயம் வந்து நின்றது. குடுவையில், அமிலத்தில், அறையின் காற்றில், ஏன், அவருடைய தலைமுடியில்கூடக் காரீயம்! பிறகு கலிபோர்னியாவில், வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும்படி ஓர் ஆய்வகம் அமைத்தார். பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப அமிலத்தில் கழுவினார். 1956இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள். இன்றும் ஏறக்குறைய அதுவே நிற்கிறது.

விடை கிடைத்த பிறகும் அந்தத் தூசி அவரை விடவில்லை. இத்தனை காரீயம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி வந்தது வாகனப் புகையிலிருந்து. பெட்ரோல் நேரம் தவறி எரிந்தால் இன்ஜினுக்குள் டக் டக்கென்று தட்டும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைத் துளி கலந்தால் அந்தத் தட்டல் அடங்குவதை ஜெனரல் மோட்டார்ஸின் தாமஸ் மிட்க்ளி 1921இல் கண்டுபிடித்தார். ஆல்கஹால் கலந்தாலும் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1923இல் ‘எத்தில்’ என்ற பெயரில் காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த கூடத்தின் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்டனில் ஒரு கூட்டம் கூட்டினார். நடந்தது ஒரே நாள். காரீய நஞ்சைப் பற்றி நன்கறிந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எதிர்த்துப் பேசினார். ஒரு குழு அமைக்கப்பட்டது. ஓட்டுநர்களையும் கராஜ் ஊழியர்களையும் சில மாதங்கள் பரிசோதித்துவிட்டு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது அக்குழு. முதல் பாதி உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பாதி, தொழில்துறையின் பணத்தில் இயங்கிய ராபர்ட் கெஹோவின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தீங்கு உண்டு என்பவரே நிரூபிக்கட்டும் என்பது அவருடைய நிலை. நிரூபிக்கத் தேவையான கருவியும் பணமும் பெரும்பாலும் ஒரே தரப்பிடம் இருந்தன. சுமார் நாற்பது ஆண்டுகள் உலகம் சுவாசித்த காற்றைத் தீர்மானித்தது இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

காரீய வேலை பார்க்காதவர்கள் உடலிலும் காரீயம் இருப்பதைக் கெஹோ கண்டார். ஆகவே அது இயற்கை என்றார். எல்லா வேட்டியிலும் ஒரே காவி படிந்திருந்தால் நூலின் நிறமே காவி என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது. அந்தக் காவியை வெளுத்துக் காட்டியவர் பேட்டர்சன். ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரில் காரீயம் மிகுதி. கிரீன்லாந்துப் பனியடுக்குகளில் 1940க்குப் பின் அது செங்குத்தாக ஏறுகிறது. மனித உடலில் இருக்கும் அளவு இயல்பானதே அல்ல என்று 1965இல் எழுதினார். இந்த ஆய்வுகளுக்குப் பின் அவருக்கு வந்துகொண்டிருந்த சில ஆய்வு நிதிகள் நின்றன. 1971இல் காற்றிலுள்ள காரீயத்தை ஆராய அமைந்த தேசியக் குழுவில், அதைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் அறிந்த அவருக்கு இடமில்லை.

1979இல் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் காரீயம் கூடக் கூட, அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பறைக் கவனமும் குறைந்தன. வெளியே எந்த நோயும் தெரியாத குழந்தைகள் அவர்கள். அதற்குள் 1975இலேயே அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. காரீயம் பட்டால் அது கெட்டுப்போகும் என்பதால் காரீயமில்லாப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. பிள்ளைகளின் மூளைக்காகச் செய்யத் தயங்கியதை ஓர் உதிரிபாகத்துக்காகச் செய்தார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. பலன் வியக்க வைத்தது: 1970களின் பிற்பகுதிக்கும் 1991க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் காரீயத்தின் சராசரி அளவு முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமில்லாப் பெட்ரோல் 1995இல் வந்தது. இந்தியா முழுவதற்கும் 2000இல். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

பெருமளவில் தயாராகும் வேதிப்பொருள்கள் பாதுகாப்பானவை என்பதற்கான தரவைத் தயாரிப்பாளரே தர வேண்டும், தராவிட்டால் சந்தையில் இடமில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1925 கூட்டத்தில் இந்த ஒரு விதி இருந்திருந்தால், ‘எத்தில்’ விற்றவர்கள்தான் பால் பற்களைச் சேகரித்திருக்க வேண்டும்.